சோணை போட்ட கடுதாசி

பன்னிரண்டு மணிக்கு, பையில் கடைசியாக, அந்தக் கடிதம் கைக்கு வந்தபோது அமுதவல்லி முதலில் பார்த்தது எழுத்தை இல்லை, மடிப்பை. இன்லேண்ட் லெட்டரை எப்படி மடிப்பது என்று அதிலேயே கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைச் சட்டை செய்யாமல் தன் இஷ்டத்துக்கு நாலாக மடித்து, ஓரத்துப் பசையை நம்பாமல் சோற்றுப் பருக்கையை வைத்து நசுக்கியிருந்தது, பருக்கை காய்ந்து மேடு தட்டியிருந்தது. இப்படி மடிக்கிற ஓர் ஆளை அவளுக்குத் தெரியும். ரேஷன் கார்டையும் பஸ் டிக்கெட்டையும் ஒன்றுபோல நாலாக மடித்து இடுப்பு வேட்டியில் சொருகிக்கொள்கிற ஆள். சேச்சே, அவராவது லெட்டர் போடுவதாவது, சோற்றுப் பருக்கை யார் வீட்டில்தான் இல்லை, யார் வேண்டுமானாலும் வைத்து நசுக்கலாம் என்று நினைத்துக்கொண்டே திருப்பினாள். அனுப்புநர் என்று அச்சடித்த இடத்தில் நாலு வரிதான் கொள்ளும். அதில் ஏழு வரி இருந்தது. கீழப்பொட்டல் சோணை, இப்போ இருக்கிறது தெப்பக்குளத் தெரு பதினேழாம் நம்பர், பால் பூத்துக்கு எதிர்ச் சந்து, உள்ளே வந்தா மூணாவது வீடு, பச்சை கேட்டு, மாடி, மகள் அமுதவல்லி வீடு, நாய் உண்டு கடிக்காது. அமுதவல்லி கடிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். சிறைத் தபால் அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை, இருந்தும் நாலு பக்கமும் பார்த்தாள். காலையில்தானே கஞ்சி ஊற்றி வைத்துவிட்டு வந்தாள், ஊறுகாய் எங்கே என்று கேட்டாரே, ஒரு வார்த்தை சொன்னாரா இந்த மனுஷன். எப்போது வாங்கினார் லெட்டரை, யாரிடம் பேனா வாங்கினார், மூன்றாம் வகுப்போடு நின்ற கை இத்தனை எழுத்தையும் எத்தனை நாள் உட்கார்ந்து எழுதியிருக்கும், அவள் வேலைக்குக் கிளம்பின பிறகு தினமும் அந்த மாடியில் இதுதான் நடந்துகொண்டிருந்ததா. நாய் கடிக்காதாம். அதை வேறு எழுதியிருக்கிறார்.

அமுதவல்லிக்கு அந்தப் பெண்கள் சிறையில் கடிதம் படிக்கிற உத்தியோகம். கேட்கச் சுகமாக இருக்கும், செய்து பார்த்தால் தெரியும். கைதிகளுக்கு வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்துப் படிக்க வேண்டும். ஆகாத வரி இருந்தால் தூரிகையை மையில் தோய்த்துக் கறுப்பாக அடிக்க வேண்டும். வட்ட முத்திரை குத்தி, பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட வேண்டும். ஒரு மணிக்குள் கட்டாகக் கட்டி ஜெயிலர் அம்மாவின் மேசையில் வைக்க வேண்டும். எட்டு மாதம் முன்புவரை பத்துப் பன்னிரண்டு கடிதம்தான் வரும், பதினொன்றரைக்கெல்லாம் வேலை முடிந்து காலை நீட்டிக்கொள்ளலாம். அப்புறம் தனக்கொடி உள்ளே வந்தாள். பால்வாடி டீச்சராக இருந்து போராட்டத்துக்கு வந்தவள். செருப்புப் போட்டுக்கொண்டு ஊர்த் தெருவழியே நடக்கலாம் வாருங்கள் என்று நானூறு பேரைக் கூட்டிக்கொண்டு நடந்தாள், கலவரம் தூண்டினாள் என்று பிடித்து வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து தினம் ஒரு சாக்குப்பை. அக்கா என்று ஒன்று, தாயி என்று ஒன்று, டீச்சர் என்று ஒன்று, பார்த்தே இராத ஒரு பெரியவர் மருமகளே என்று. செருப்பு வாங்கிவிட்டேன் எட்டாம் நம்பர், உங்கள் காலுக்கு என்ன நம்பர் என்று கேட்ட ஒருத்தி. முடிவெட்டுகிற கடையில் இன்று என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள் என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்ட ஓர் ஆள். பிள்ளைக்கு உங்கள் பெயரைத்தான் வைத்தேன், பிறந்தது ஆண், பரவாயில்லை என்று விட்டுவிட்டோம் என்று எழுதிய ஒரு தாய். அமுதவல்லி ஒவ்வொன்றையும் படித்துச் சிரித்திருக்கிறாள், மூக்கை உறிஞ்சியிருக்கிறாள், யாராவது வருகிற சத்தம் கேட்டால் தும்மியதுபோலக் கைக்குட்டையை எடுத்திருக்கிறாள். தனக்கொடிக்கு ஒரு பழக்கம், வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் விடமாட்டாள். சிறையில் வாரத்துக்கு இரண்டு கார்டுதான் அனுமதி என்பதால் ஒரே கார்டில் பத்துப் பேருக்கு எறும்பு எழுத்தில் எழுதுவாள், வாங்குகிறவர் அதை எடுத்துக்கொண்டு மற்ற ஒன்பது வீட்டுக்கும் நடந்து போய்ப் படித்துக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. அதனால்தான் எல்லாரும் விலாசத்தை விளக்கு வைத்ததுபோல எழுதினார்கள், எழுதாதீர்கள் என்று இயக்கத்துக்காரர்கள் தலைபாடாய் அடித்துக்கொண்டும் எழுதினார்கள். ஏனென்றால் அந்த விலாசங்களை ஒரு பட்டியலில் நகல் எடுத்துப் போலீசுக்கு அனுப்ப வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. நகல் எடுக்கிற கை அமுதவல்லியுடையது.

முதல் மாதம் உள்ளதை உள்ளபடி எழுதினாள். அப்புறம் ஒரு கடிதம் வந்தது. வீட்டுக்குப் போலீஸ் வந்தது அக்கா, நீதான் எழுதினாயா என்று கேட்டார்கள், ஆமாம் நான்தான் எழுதினேன், எழுத்து நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். அதைப் படித்த அன்று அமுதவல்லிக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து பட்டியலில் பதினாலை நாற்பத்தொன்று ஆக்கினாள், முப்பத்திரண்டை இருபத்துமூன்று ஆக்கினாள். நாற்பத்தொன்றே இல்லாத தெருவில் போலீஸ்காரர் வெயிலில் தேடட்டும். யாராவது கேட்டால் கைப்பிழை என்று சொல்லிக்கொள்ளலாம். இவ்வளவுதான் அவள் செய்தது. இதையே இத்தனை நாளும் தன் வீரம் என்று மனசுக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள், சமயத்தில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை நினைத்துக்கொண்டால் கொஞ்சம் தெம்பாகக்கூட இருக்கும். இப்போது கவிழ்ந்து கிடக்கிற லெட்டரைப் பார்க்கப் பார்க்க அந்தத் தெம்பு எங்கே போனதென்று தெரியவில்லை. படிக்காமலே கிழித்துவிட்டால் என்ன. எழுபது கடிதத்தில் ஒன்று குறைந்தால் எண்ணிப் பார்ப்பவர் யாரும் இல்லை. தபால்காரர் தொலைத்துவிட்டார் என்று அப்பாவிடம் சொல்லிவிடலாம், சொல்லக்கூட வேண்டாம், அவர்தான் போட்டதையே சொல்லவில்லையே. கை குத்தூசியை எடுத்துப் பருக்கையை நெம்பிக்கொண்டிருந்தது. கைக்கு என்ன தெரியும், எட்டு மாதமாகப் பழகின வேலையைச் செய்தது.

தனக்கொடி தாயிக்குக் கீழப்பொட்டல் சோணை எழுதிக்கொண்டது, என்று ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு எழுத்தும் சுண்டைக்காய் அளவு. எங்க ஊர் மந்தையில நீ பேசுனப்ப நான் கடைசில உக்காந்திருந்தேன், நீ பாத்திருக்க மாட்ட. இனிமே யாரும் கேதஞ் சொல்லப் போகாதீங்கன்னு சொன்ன. எனக்குக் கோவம் வந்துருச்சு தாயி. நாப்பது வருசம் ஊர் ஊராச் சாவுச் சேதி சொல்லி நான் நடந்த நடை. ஒரு வீடு தப்பாச் சொன்னதில்ல, ஒரு பேரு மாத்திச் சொன்னதில்ல, இந்தப் புள்ள வந்து அது கேவலம்னு சொல்லுதேன்னு கோவம். ஏழு நாள் தூங்கல. பெறகு மாசியில அம்பலகாரர் வீட்டுல பெரியவர் எறந்துட்டாரு. ஆள் வந்து சோணை கெளம்புன்னாங்க. நான் போகலைன்னேன். ஏன்டான்னாங்க. உங்க வீட்டுலதான் போன் இருக்கே சாமி, போன்ல சொல்லிருங்கன்னேன். நான் எடக்காச் சொல்லல, மெய்யாத்தான் சொன்னேன். அடிச்சாங்க. அது பெரிசில்ல. கெணத்துப் பக்கம் வரக்கூடாதுன்னுட்டாங்க, கடையில சாமான் இல்லைன்னுட்டாங்க. அதான் மக வீட்டுக்கு வந்துட்டேன். மககிட்ட முட்டி வலின்னு சொல்லிருக்கேன். முட்டி நல்லாத்தான் இருக்கு. அந்த இடத்தில் அமுதவல்லி கடிதத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

முட்டி நன்றாகத்தான் இருக்கிறதாமே. ஆறு மாதமாக, சாயங்காலம் தவறாமல், வேலை முடிந்து வந்த கையோடு தைலத்தைச் சுடவைத்து இரண்டு முட்டியிலும் தேய்த்துவிட்டிருக்கிறாள். மெதுவாத் தேயி ஆத்தா என்று கண்ணை மூடிக்கொண்டு முனகுவாரே, அந்த முனகல் அத்தனையும் நடிப்பா. நாட்டு மருந்துக்கடைக்காரர் இவளைக் கண்டாலே பாட்டிலை எடுத்து வைத்துவிடுவார். அமுதவல்லிக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு மேசையில் தலை வைத்துச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே லெட்டரை இழுத்து அடிச்சாங்க என்ற வார்த்தையை மறுபடி படித்தாள். எங்கே அடித்தார்கள். முதுகிலா. வந்த புதிதில் ஒரு வாரம் சட்டையைக் கழற்றாமல் குளித்தாரே, மாடிக் குழாயில் வெட்கமாக இருக்கிறது என்றாரே, அதுவும் இதுதானா. எத்தனை பேர் அடித்தார்கள். அடித்தவர்கள் எல்லாரும் அவர் கேதம் சொல்லி வந்த வீட்டுக்காரர்கள்தானே. அந்த வீடுகளில் சாவு விழுந்தால் பன்னிரண்டு ஊருக்கும் நடந்து போய்ச் சொன்ன கால் அது. ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தெருமுனையில் நின்று சாமீ என்று குரல் கொடுத்து, செத்தவர் பெயர், என்ன முறை, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எல்லாம் ஒரு மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த ஊர். உட்காரக் கூடாது. கேட்டால் துண்டில் ஒரு படி நெல் விழும், சில ஊரில் அதுவும் விழாது. அமுதவல்லிக்கு ஒன்பது வயதில் அம்மா செத்தபோதும் கேதம் சொல்ல அப்பாதான் போனார், அவர்கள் தெருவுக்கு வேறு ஆள் ஏது. தன் பெண்டாட்டி செத்ததைத் தானே நடந்து போய் மாமன்மார் வீட்டில் சொல்லிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து குழிக்கு மண் தள்ளினார். அன்று அவர் காலில் இருந்த புழுதியைத்தான் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, அம்மாவின் முகம் அவ்வளவு ஞாபகம் இல்லை. அந்தக் கால் போகமாட்டேன் என்று சொல்லியிருக்கிறது. போன் இருக்கே சாமி என்று சொல்லியிருக்கிறது. இதை அவர் மகளிடம் சொல்லவில்லை, மகள் பயப்படுவாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மகளைச் சரியாகத்தான் எடைபோட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்தபோது அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் நெஞ்சுக்குள் ஏறிக்கொண்டிருந்தது, அதை அடக்க அவளால் முடியவில்லை. அது என் அப்பா. இந்தப் பை நிறையக் கடிதம், இதில் எதையும் விட இதுதான் நல்ல கடிதம், இதை எழுதினது என் அப்பா.

வார்டர் எஸ்தர் அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். "என்ன அமுதா, கண்ணு இப்படிச் செவந்திருக்கு?" என்றாள். "மை வாடை அக்கா," என்றாள் அமுதவல்லி. "எட்டு மாசமா இல்லாத வாடை இன்னைக்கு எங்கேருந்து வந்துச்சு," என்று கேட்டுவிட்டு எஸ்தர் அக்கா பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். மணி பன்னிரண்டு இருபது. அப்பா கடிதத்தின் மீதியையும் படித்தாக வேண்டும். நீ தைரியமா இரு தாயி, என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார். இப்ப அந்த ஜெயிலுல எனக்கு ரெண்டு மக்க. ஒருத்தி உள்ள, ஒருத்தி ஆபீசுல. அவ பேரு அமுதவல்லி. என்னா வேணும்னாலும் அவகிட்டக் கேளு. சொல்லிக்கிட மாட்டா, ஆனா செய்வா. சின்னதுலேருந்தே அப்படித்தான். இப்படிக்குச் சோணை. போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் முதலில் நினைத்தாள். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் தன் மகள் வேலைக்கு உலை வைக்க முடியுமா. உறவுக்காரர் கடிதம் வந்தால் அன்றைக்கே ஜெயிலரிடம் சொல்ல வேண்டும் என்று விதி. சொன்னால் அடுத்த கேள்வி என்ன கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை நாளாகம்மா இது நடக்கிறது, உள்ளே எதை எல்லாம் கொண்டு கொடுத்தாய், பட்டியலை எடு, நம்பரை எல்லாம் சரிபார். அப்புறம் தெப்பக்குளத் தெருவில் போலீஸ் வந்து நிற்கும், ஊரில் எந்தத் தெரு என்று இதுவரை கேட்காத வீட்டுக்கார அம்மா அன்று கேட்பாள். பாவி மனுஷன், பால் பூத்து வரைக்கும் வழி சொல்லியிருக்கிறார். கேதம் சொன்ன புத்தி, ஒரு வீடும் தப்பக் கூடாதாம்.

தூரிகை இருக்கிறதே என்று தோன்றியது. கிழிக்க வேண்டாம், மறைக்க வேண்டாம், கடைசி ஆறு வரியை மட்டும் கறுப்படித்தால் போதும். அது அவள் அதிகாரத்துக்கு உட்பட்டது. தனக்கொடிக்கு அப்பாவின் கடிதம் போய்ச் சேரும், போனும் அடியும் முட்டியும் எல்லாம் போய்ச் சேரும், மகள் மட்டும் போகமாட்டாள். அனுப்புநர் பக்கத்திலும் ஓர் இழுப்பு இழுத்தால் தீர்ந்தது. தூரிகையைத் தோய்த்து, சொட்டு விழாமல் புட்டியின் விளிம்பில் வழித்து, அவ பேரு என்ற இடத்துக்கு நேரே கொண்டுபோனாள். இந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனா செய்வா. தூரிகை நின்றது. என்ன செய்தாளாம். சின்னதிலிருந்து என்ன செய்தாளாம் இவள். பள்ளிக்கூடத்தில் தனிப் பானையில் தண்ணீர் குடித்தாள், வாயைத் திறக்கவில்லை. பரீட்சை எழுதினாள், வேலை வாங்கினாள், வீடு பார்க்கும்போது ஊர்ப் பெயரை மட்டும் சொல்லித் தெருவை விழுங்கினாள். எட்டு மாதமாக எழுபது எழுபதாக விலாசம் எழுதிக் கொடுத்தாள். நம்பரைத் திருப்பிப் போட்டாளாம், பெரிய காரியம். ஒரு தடவை தனக்கொடியை இந்த அறைக்கே அழைத்துவந்தார்கள், ஏதோ கையெழுத்துக்கு. குள்ளமான உருவம், கைதிச் சேலையில் இன்னும் குள்ளமாகத் தெரிந்தாள். "நீங்கதான் எங்க லெட்டரெல்லாம் படிக்கிறதா? எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்று கேட்டாள், ஊரிலிருந்து வந்தவரிடம் வீட்டுச் சங்கதி கேட்பதுபோல. நல்லாருக்காங்க என்று சொல்ல எவ்வளவு நேரமாகும். அமுதவல்லி முத்திரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிக்கிட மாட்டா என்பது வரைக்கும் அப்பா எழுதியது சத்தியம். மீதிப் பாதிக்கு அவர் நாற்பது வருஷ வாக்கை ஜாமீன் வைத்திருக்கிறார். ஒரு சேதியும் பொய்யாகச் சொன்னதில்லை என்று பெயரெடுத்த மனுஷன், கடைசியாகச் சொன்ன சேதி பொய்யாகப் போக வேண்டுமா, அதுவும் மகளாலேயே. கிழவரை இன்று யாரும் அடிக்கப் போவதில்லை. ஆனால் இந்த ஆறு வரியைக் கறுப்பாக்கிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போய், அவர் காலைப் பிடித்துத் தைலம் தேய்க்க அவளால் ஆகாது என்று தெரிந்துபோயிற்று. மை தூரிகையிலேயே காய்ந்துகொண்டிருந்தது. புட்டியை மூடினாள்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அது அப்படியேதான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று வட்ட முத்திரையை எடுத்து, மைத்திண்டில் அழுத்தி, இப்படிக்குச் சோணைக்குப் பக்கத்தில் கோணாமல் குத்தினாள். சுருக்கொப்பம் போட வேண்டிய இடத்தில் அமுதவல்லி என்று முழுசாக எழுதினாள், சோ. அமுதவல்லி என்று முன்னால் அந்த ஒற்றை எழுத்தையும் சேர்த்துக்கொண்டாள். பட்டியலை இழுத்தாள். மற்றவர்களுக்கெல்லாம் வழக்கம்போல நம்பர் புரண்டு போயிருந்தது, அது புரண்டபடியே இருக்கட்டும், கேட்டால் அதற்கும் சேர்த்துப் பதில் சொல்லிக்கொள்ளலாம். புது வரி. பெயர், கீழப்பொட்டல் சோணை. விலாசம், தெப்பக்குளத் தெரு, பதினேழு. பழகின கை எழுபத்தொன்று என்று போகப் பார்த்தது, பிடித்து நிறுத்திப் பதினேழு என்று எழுதி, எண்ணால் எழுதியது போதாதென்று எழுத்தாலும் எழுதினாள். பச்சை கேட்டு, மாடி. வருகிறவர்கள் அலையாமல் வரட்டும். கடைசிக் கட்டம் குறிப்பு என்று இருக்கும், எட்டு மாதத்தில் அதில் அவள் ஒன்றுமே எழுதியதில்லை. என் அப்பா, என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். எழுத்து நன்றாகத்தான் இருந்தது.

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. அந்தக் கடிதத்தை மேலாக வைத்துக் கட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். வராந்தாவில் நடக்கும்போது செருப்புச் சத்தம் கேட்டது, தன் செருப்புத்தான், இத்தனை வருஷமாக அது இப்படிச் சத்தம் போடுகிறது என்று அவள் கவனித்ததே இல்லை. ஜெயிலர் மங்கையர்க்கரசி அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். வழக்கமாக வாசலிலிருந்து இரண்டு எட்டில் மேசையை எட்டிக் கட்டை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். இன்று உள்ளே போய், எதிரில் இருந்த நாற்காலியை இழுத்து, உட்கார்ந்தாள். ஜெயிலர் அம்மாவின் கை டிபன் பாக்ஸிலேயே நின்றுவிட்டது.

"என்னம்மா?" என்றார்.

"ஒரு சேதி சொல்லணும் மேடம்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஜெயிலர் அம்மாவின் குரல் இறங்கியது. "ஐயோ, வீட்டுல யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல மேடம்," என்றாள் அமுதவல்லி. "தனக்கொடி அக்காவுக்கு எங்க அப்பா கடுதாசி போட்டிருக்காரு."